ஜொகூர் பாருவில் கஞ்சிக் காலம்

விடிவதற்கு முன்பே சாப்பிடத் தொடங்கிவிடும் ஊர் ஜொகூர் பாரு. காலை நான்கு மணிக்கெல்லாம் மாமாக் கடைகளில் கல் சூடாகிவிடுகிறது. ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு, நின்றபடியே ரொட்டி சானாயைப் பிய்த்துக் குழம்பில் தோய்க்கிறார்கள். இன்னொரு கையில் தே தாரிக். லார்கினிலிருந்து புறப்படும் பேருந்துகளில் நெகிழிப் பையில் நாசி லெமாக் பொட்டலத்தோடு ஏறுகிறார்கள். எல்லாருடைய முகமும் ஒரே திசையில், சிங்கப்பூர்ப் பக்கம். 1924 ஜூனில் முறைப்படி திறக்கப்பட்ட கடற்பாலம் நீளத்தில் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். கோவிட்டுக்கு முன் ஒரு நாளைக்குச் சுமார் மூன்று லட்சம் பேர் இந்த எல்லையைக் கடந்தார்கள் என்று சொல்வார்கள். நடந்தால் கால் மணி நேரத் தூரம். பேருந்தில் உட்கார்ந்திருந்தால் சில நாள்களில் ஒரு மணி நேரம்கூட ஆகும்.

இப்படி அவசரமாகத் தின்று அவசரமாக ஓடும் ஊரில், காய்ச்சலில் படுத்து எழுந்த ஒருவன் எதைச் சாப்பிடுவது, எப்போது சாப்பிடுவது? இதைத் தெரிந்துகொள்ளும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது. தங்கை மகனுக்கு டிங்கி. வயது 28. உலு திராமில் வீடு, சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை. மருத்துவமனையில் ஐந்து நாள் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தவனைப் பார்த்துக்கொள்ள ஈப்போவிலிருந்து பேருந்து ஏறினேன். ஒரு வாரம் என்று சொல்லிப் போனவள், ஐந்து வாரம் தங்கிவிட்டேன்.

டிங்கி நமக்குப் புதிதல்ல. 2019-இல் மட்டும் மலேசியாவில் 1 லட்சத்து 30 ஆயிரம் பேருக்கு வந்தது. 182 பேர் இறந்தார்கள். காய்ச்சல் நாள்களில் என்ன செய்ய வேண்டும் என்பது நம் வீடுகளில் ஓரளவு தெரிந்திருக்கிறது. பாராசிட்டமோல் கொடுக்கலாம், ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் கூடாது. காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்து தொடங்கும் நேரம் என்பதையும் பலர் அறிவார்கள். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் சூடு தணியும்போது, அடுத்த 24 முதல் 48 மணி நேரம் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், அளவுக்கு மீறிய சோர்வு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த வயிற்றுவலியை வாயுவென்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது.

அதன் பிறகு வரும் வாரங்களைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. தட்டணுக்கள் ஏறின, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், எம்.சி. முடிந்தது, வேலைக்குப் போ. ரத்தப் பரிசோதனைத் தாளில் எல்லாம் சரியாக இருக்கும். வயிறு மட்டும் அந்தத் தாளைப் படித்திருக்காது.

பாட்டி (அவனுடைய அப்பாவைப் பெற்றவர், லாயாங் லாயாங் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்) இதை முதல் நாளே சொல்லிவிட்டார். "காய்ச்ச ஒடம்ப விட்டுப் போயிருச்சு. கொடல விட்டு இன்னும் போகல." டாக்டர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். டிங்கிக் கிருமி கல்லீரலை வீங்க வைக்கிறது. ரத்தக் குழாய்களிலிருந்து கசியும் நீர் வயிற்றுக்குள்ளும் தங்குகிறது. அது வடிந்து, கல்லீரல் பழைய நிலைக்கு வரும்வரை எண்ணெய்ப் பண்டத்தின் வாசனையே குமட்டும். கோவிட் என்றால் வேறு வழி. அந்தக் கிருமி ஒட்டிக்கொள்ளும் ஏற்பி நுரையீரலில் இருப்பதுபோல் சிறுகுடலின் உட்சுவரிலும் நிறைய இருக்கிறது. மூச்சுத் தொல்லையே இல்லாமல் வயிற்றுப்போக்கோடு மட்டும் கோவிட் வந்துபோனவர்கள் உண்டு. நேரடியாகக் குடலைத் தாக்கும் வைரஸ்கள், குழந்தைகளுக்கு வரும் ரோட்டா வைரஸ் போன்றவை, குடல் உறிஞ்சிகளின் நுனியையே மழுக்கிவிடுகின்றன. பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி அந்த நுனியில்தான் இருக்கிறது. அதனால்தான் வயிற்றுப்போக்கு நின்ற பிறகும் சில வாரம் பால் குடித்தால் வயிறு உப்பி, கடமுடவென்கிறது. பாலால் வந்த புது ஒவ்வாமை என்று பயப்பட வேண்டாம். நுனி வளர்ந்ததும் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஜொகூர் பாருவில் பாலை நிறுத்துவது என்றால் தே தாரிக்கையும் மைலோவையும் நிறுத்துவது என்று பொருள். கெட்டிப்பாலில் பால் சர்க்கரையும் உண்டு, மேலே போட்ட சர்க்கரையும் உண்டு. நல்லவேளை, இந்த நாட்டில் எந்தக் கடையிலும் 'தே ஓ ஹாலியா' என்று கேட்டால் பாலில்லாத இஞ்சித் தேநீர் வரும். சீனி குறைத்துப் போடச் சொன்னால் போடுவார்கள். மூன்று வாரமும் அவனுக்கு அதுதான்.

முதல் வாரத்தில் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு மருந்தோடு வந்தார்கள். பக்கத்து வீட்டு மலாய் அக்கா நண்டு சூப். எதிர்வீட்டுச் சீனத் தாத்தா 100 பிளஸ் ஒரு பெட்டி, அதுவும் மூடியைத் திறந்து வாயுவை வெளியேற்றிவிட்டுக் குடிக்க வேண்டும் என்ற அறிவுரையோடு. தங்கையின் கோயில் தோழிகள் பப்பாளி இலை. இவை ஒவ்வொன்றையும் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். பப்பாளி இலைச் சாற்றைக் கிள்ளான் மருத்துவமனையில் 228 நோயாளிகளிடம் சோதித்து 2013-இல் ஆய்வு வெளியிட்டார்கள். மூன்று நாள் குடித்தவர்களுக்குத் தட்டணுக்கள் விரைவாக ஏறின என்பது உண்மை. ஆனால் அது காய்ச்சல் நாள்களுக்கான பேச்சு. எண்ணிக்கை ஏறி வீட்டுக்கு வந்தவனுக்கு, கசப்பால் உள்ளதையும் வாந்தியெடுக்க வைக்கும் சாறு எதற்கு? நண்டு சூப் தட்டணுவை ஏற்றுமோ என்னவோ, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரும் கொஞ்சம் புரதமும் உள்ளே போனால் நல்லதுதான். நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் தொட வேண்டாம். 100 பிளஸ் நாக்கு செத்துக் கிடப்பவனைக் குடிக்கத் தூண்டுகிறது, அது நல்லது. ஆனால் பேதி இருந்தால் அதை நம்பியிருக்கக் கூடாது, அதில் சீனி அதிகம், உப்பு குறைவு. இளநீரிலும் உப்பு போதாது. ஃபார்மசியில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பதுதான் சரி. நடுராத்திரியில் பொட்டலம் இல்லையென்றால், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு தட்டைத் தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு கூடினால் கெடுதல்.

இனி கஞ்சி. அதற்காகத்தான் நான் நகரத்துக்குள் சுற்றினேன். வீட்டிலேயே வைத்த கஞ்சியை ஐந்து நாள் குடித்தவன் ஆறாம் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "பெரியம்மா, இத பாத்தாலே ஆஸ்பத்திரி ஞாபகம் வருது" என்றான். சரி, வேறு கஞ்சி பார்ப்போம் என்று காடியில் கூட்டிப்போனேன்.

ஜொகூர் பாருவின் பழைய நகர மையம் சிறியது. ராஜமாரியம்மன் கோயில் இருக்கும் ஜாலான் உங்கு புவானில் பூக்கடைகளையும் மளிகைக் கடைகளையும் தாண்டி நடந்தால், சில நிமிடத்தில் சீனர்களின் பழைய கடைவீதியான ஜாலான் தான் ஹியோக் நீ வந்துவிடும். அந்தத் தெருவின் பெயருக்குரியவர் 19-ஆம் நூற்றாண்டின் தியோச்சு வணிகர். அந்தக் காலத்து ஜொகூர் காட்டைத் திருத்தி மிளகும் காம்பியரும் பயிரிட்டவர்களில் பெரும்பாலோர் தியோச்சுக்காரர்கள். காம்பியர் என்பது வேறொன்றுமில்லை, வெற்றிலையோடு சேர்த்து மெல்லும் காசுக்கட்டியின் ஒரு வகை. அதன் இலையைக் காய்ச்சி எடுப்பது. தோல் பதனிடவும் சாயத்துக்கும் கப்பல் கப்பலாகப் போனது. துவர்ப்பாக இருப்பதால் வயிற்றுப்போக்குக்கும் மருந்தாகக் கொடுத்தார்கள். ஜொகூர் மாநிலச் சின்னத்தில் இன்றும் மிளகும் காம்பியர் இலையும் இருக்கின்றன. ரசத்துக்கு ஒன்று, பேதிக்கு ஒன்று. வயிற்றுக்கு இவ்வளவு மரியாதை செய்த மாநிலச் சின்னம் வேறெங்காவது இருக்குமா என்று தெரியவில்லை.

அந்தத் தியோச்சுக்காரர்கள் விட்டுச் சென்ற நல்ல விஷயம் அவர்களுடைய கஞ்சி. கேண்டனிய கஞ்சி மாவாகக் குழைந்திருக்கும். தியோச்சு கஞ்சியில் பருக்கை பருக்கையாகச் சோறு தெரியும். மேலே தெளிந்த நீர். நம் வீட்டு நொய்க் கஞ்சிக்குச் சித்தப்பா பிள்ளை என்று சொல்லலாம். சுற்றிச் சின்னச் சின்னத் தட்டுகளில் ஆவியில் வெந்த மீன், உப்பு முட்டை, முள்ளங்கி போட்ட ஆம்லெட், சோயாவில் கொதித்த தௌஹூ. நோயாளி வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஆங்கிலேயர் இந்த எல்லாக் கஞ்சிக்கும் சேர்த்து வைத்த பெயர் நம் 'கஞ்சி' என்ற சொல்லிலிருந்து போனதுதான். அவன் மீனும் தௌஹூவும் எடுத்தான். உப்பு முட்டையைப் பாதி. இரண்டு வாரத்தில் முதல் தடவையாகக் கிண்ணம் காலியானது.

வெறும் கஞ்சி போதாது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். வெள்ளைக் கஞ்சி, வாழைப்பழம், ரொட்டி என்று இரண்டு வாரம் ஓட்டினால் உடம்பு இன்னும் இளைக்கும், மலமும் இறுகும். படுக்கையில் கரைந்த தசை திரும்ப முட்டை, மீன், பருப்பு, தௌஹூ, கோழி இவற்றில் ஏதாவது தினமும் இரண்டு வேளையாவது வேண்டும். காய்கறியில் பூசணி, கேரட், பாயாம் கீரை முதலில். பீன்ஸ், முட்டைக்கோஸ், கடலை வகைகள் பிறகு. தயிரில் பால் சர்க்கரை குறைவு என்பதால் பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் மோர் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறது. ஜாலான் உங்கு புவான் பக்கத்து வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளில் ரசத்தையும் மோரையும் தனியாகத் தம்ளரில் கேட்டு வாங்கலாம். சாம்பார், பொரித்த மீன், அப்பளத்தை விட்டுவிட்டு ரசம் சோறு, மோர் சோறு, ஒரு கூட்டு என்று சாப்பிட்டால் கடைச் சாப்பாடும் பத்தியச் சாப்பாடுதான். கடைக்காரர் ஒருவர் சோற்றைக் கொஞ்சம் குழைத்துத் தரட்டுமா என்று தானாகவே கேட்டார். காய்ச்சல்காரனின் முகம் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னொன்று. மிச்சமிருந்த ஆன்டிபயாடிக் மாத்திரையை "வயிறு சரியாகட்டும்" என்று கொடுக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. வைரஸை அது தொடவே தொடாது. குடலில் இருக்கும் நல்ல கிருமிகளைத்தான் கலைக்கும்.

பன்னிரண்டாம் நாள் எம்.சி. முடிந்தது. வேலையில் இனி ஒவ்வொரு நாளும் சம்பளத்தில் பிடிப்பார்கள். வீட்டுக் கடன், காடிக் கடன், தங்கச்சியின் படிப்பு எல்லாம் சிங்கப்பூர் வெள்ளியை நம்பி இருக்கின்றன. இந்த ஊரில் பாதி வீடுகளின் கதை இது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லை மூடியபோது, அந்தப் பக்கமே தங்கிவிட்டவர்களில் அவனும் ஒருவன். தரைவழி முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1-இல். அந்த இரண்டு வருடத்தில் பகிர்ந்த அறையில் கோவிட்டும் வந்து, இன்ஸ்டன்ட் மீயும் ரொட்டியுமாகச் சமாளித்து, பிறகு பல மாதம் வயிறு சரியில்லாமல் கிடந்ததாகத் தங்கை சொன்னாள். இந்தத் தடவையாவது அப்படி விடக் கூடாது என்பதுதான் அவளுடைய கவலை.

வேலைக்குத் திரும்பிய முதல் வாரம் அவன் இளைத்துக்கொண்டே போனான். சாப்பாட்டில் குறை இல்லை. காரணம் தெரிய எனக்கு மூன்று நாள் ஆனது. காலையில் எதுவுமே சாப்பிடாமல் கிளம்புகிறான். ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல வெட்கம். கடைசியில் பாட்டியிடம்தான் சொன்னான்: சாப்பிட்டால் பேருந்தில் வயிற்றைக் கலக்குகிறது, பாலத்தில் மாட்டிக்கொண்டால் எங்கே போவது? அதனால் பகல் முழுக்கக் காய்ந்து, ராத்திரி பத்து மணிக்கு வீடு திரும்பும் வழியில் மாமாக் கடையில் மீ கோரெங்கும் கோழியும். பிறகு நெஞ்செரிச்சலோடு தூக்கம். மறுநாள் காலை பசியில்லை. இது ஒரு சுற்று.

அவன் பயம் நியாயமானது. சாப்பிட்டதும் பெருங்குடல் அசையத் தொடங்குவது இயற்கை; காலையில் அந்த அசைவு இன்னும் அதிகம். நோயில் கிடந்து எழுந்த குடல் இதற்குக் கொஞ்சம் மிகையாகவே துள்ளும். குடல் தொற்று வந்துபோனவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இந்தத் துள்ளல் மாதக்கணக்கில் நீடித்து, எரிச்சல் குடல் நோயாக மாறுவதும் உண்டு. அதற்காகப் பட்டினி கிடந்தால் தீராது. அசைவு எங்கே நடக்க வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்க வேண்டும், அவ்வளவுதான். அவன் 4.45-க்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறவன். 3.50-க்கு எழுப்பினோம். எழுந்தவுடன் ஒரு தம்ளர் வெந்நீர், ஒரு கிண்ணம் கஞ்சி, பாதி வாழைப்பழம். பிறகு அரை மணி நேரம் வீட்டிலேயே, கழிவறைக்குப் பக்கத்தில். அதற்குப் பிறகுதான் மோட்டார் சைக்கிள் சாவி. நான்கு நாளில் வயிறு அந்த நேரத்தைப் பிடித்துக்கொண்டது. தூக்கத்தில் முக்கால் மணி நேரம் போனது உண்மை. அதை ராத்திரியில் ஈடுகட்டச் சொன்னோம்: மாமாக் கடையில் இறங்காமல் நேரே வீடு, ஒன்பதரைக்குள் இடியாப்பமோ இட்லியோ, பத்தேகாலுக்குப் படுக்கை.

நடுவில் இரண்டு சின்னச் சாப்பாடு. கடற்பாலம் தாண்டியதும் வேலைக்கு முன் குடிக்க ஃபிளாஸ்க்கில் கஞ்சித் தண்ணீர், பத்தரைக்கு அவித்த முட்டை. மதியம் அங்கேயே சோறும் மீன் சூப்பும் கிடைக்கிறது. மாலை நான்குக்கு இரண்டு பிஸ்கட். ஒரே தடவையில் நிறையப் போட்டால் தாங்காத வயிறு, ஐந்து தடவை கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் வாங்கிக்கொள்கிறது. தோட்டத்தில் பத்து மணிக்கு மரத்தடியில் தூக்குவாளியைத் திறந்ததும் இதற்காகத்தான் என்று பாட்டி சொன்னார். காய்ச்சலில் கிடந்து வேலைக்கு வந்தவர்களுக்கு மற்றவர்கள் தங்கள் வாளியிலிருந்து கஞ்சித் தண்ணீர் ஊற்றுவார்களாம்.

மூன்றாம் வாரம் எடை நின்றது. நான்காம் வாரம் ஒன்றரைக் கிலோ ஏறியது. ஏறாமல் இருந்திருந்தால் கிளினிக்குக்குக் கூட்டிப்போயிருப்போம். மலத்தில் ரத்தம் அல்லது கறுப்பு நிறம், கண்ணில் மஞ்சள், திரும்ப வரும் காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுவலி, இரண்டு வாரம் தாண்டியும் நிற்காத பேதி, இளைத்துக்கொண்டே போவது இவற்றையெல்லாம் கஞ்சியால் சரிசெய்ய முடியாது. மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் இளநீர், 100 பிளஸ் போன்றவற்றுக்கும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

இந்த ஊரின் பெரிய ருசிகளை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. வரிசை மட்டும் முக்கியம். ஜாலான் தான் ஹியோக் நீயில் 1919 முதல் விறகு அடுப்பில் சுடும் பேக்கரியின் வாழைப்பழ கேக் ஒரு துண்டு, மூன்றாம் வாரம். மீ ரெபுஸ் நான்காம் வாரம், மிளகாய் இல்லாமல். பாசார் மாலாமில் பொரித்த வாழைப்பழத்தைக் காரமான கிச்சாப் சாம்பலில் தோய்த்துத் தின்பது ஜொகூர்க்காரர்களின் பழக்கம். அதை நான்காம் வாரத்துக்கும் அப்பால் தள்ளினோம். டுரியான் பருவம் தொடங்கியிருந்தது; சிகாமட்டிலிருந்து லாரிகள் வரத் தொடங்கியிருந்தன. கொழுப்பும் சீனியும் சேர்ந்த அந்தப் பழத்தை நான் அடியோடு தடுத்துவிட்டேன். அவன் அதை இன்னும் மன்னிக்கவில்லை.

ஐந்தாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை லக்சா ஜொகூர். ஐரோப்பா போய் வந்த சுல்தான் அபு பாக்காருக்கு ஸ்பகெட்டி பிடித்துப்போய், அரிசி நூலுக்குப் பதில் அதைப் போடச் சொன்னார் என்று கதை. மீனை அரைத்துத் தேங்காய்ப் பாலில் கெட்டியாகக் காய்ச்சிய குழம்பு, மேலே வெள்ளரியும் பச்சைக் கீரைகளும், கையால் பிசைந்து சாப்பிட வேண்டும். அவன் பாதித் தட்டு சாப்பிட்டுவிட்டு, தானாகவே நிறுத்தி, தே ஓ ஹாலியா கேட்டான். மீதியைப் பாட்டி தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "தேங்கா ஜாஸ்தி" என்றார். தட்டைக் காலியாக்கினார்.